வலது சக்கரத்தில் தொங்கியவர்

என் அப்பாவை நான் ஒரே ஒருமுறை அடித்திருக்கிறேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பாலக்கரையில் எங்கள் வீட்டு முன்னறையில், அவர் கையிலிருந்த பெல்ட்டைப் பிடுங்கி, பக்கிள் இருக்கிற முனையாலேயே முகத்தில் வீசினேன். மூக்குக் கண்ணாடி தெறித்து பீரோவுக்கு அடியில் போய் விழுந்தது. இடது புருவம் பிளந்து ரத்தம் சட்டைக் காலர் வரைக்கும் இறங்கியது.

அவர் கல்லூரியில் கணக்கு வாத்தியார். மாணவர்கள் மேல் விரல் படாமல் பாடம் நடத்துகிறவர் என்று ஊரில் பெயர். வீட்டில் ஞாயிறு பூசைக்கு ஐந்து நிமிடம் பிந்தினால் அடி. மதிப்பெண் குறைந்தால் அடி. அடிக்கும்போது கத்த மாட்டார். எத்தனையாவது அடி என்று வாய்க்குள் எண்ணுவார். என் தொடையில் பக்கிள் பதிந்த வடு மூன்று இருக்கிறது.

நான் அடித்த பிறகு அவர் என்னைத் திரும்ப அடிக்கவில்லை. ஒன்றரை மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குள் விமானப்படைக்கு விண்ணப்பித்துத் தேர்வாகிவிட்டேன். ஜங்ஷனுக்கு அம்மா மட்டும் வந்தாள். ரயில் நகர்கிறபோது, "கோவத்த அடக்குடா" என்றாள்.

பயிற்சியில் என்னை ஹெலிகாப்டர் பக்கம் ஒதுக்கினார்கள். முதல் நாள் அதை ஓட்ட உட்கார்ந்தபோது எனக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இடது கையில் மேலே தூக்குகிற லீவர், வலது கையில் திசை திருப்புகிற ஸ்டிக், காலடியில் வாலைத் திருப்புகிற பெடல்கள். மூன்றில் ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டும் கெட்டுப்போகும். தரையிலிருந்து பத்தடி உயரத்தில் ஒரே இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள். வண்டி கயிற்றை அறுக்கப் பார்க்கிற காளை மாதிரி முன்னும் பின்னும் முட்டியது. பன்னிரண்டாம் நாள் திடீரென்று நின்றது. என் கை அசைவதே எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரையாவது அடிக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் ஒரு மணி நேரம் இருந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு அதுவேதான் எல்லாம். எழுபதுகளின் நடுவில் வான்சாகசம் செய்து காட்டுகிற குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். ஆண்டு விழா, அணிவகுப்பு, பொதுமக்களுக்கான காட்சி என்று வருஷத்தில் ஏழெட்டு இடம். ஹெலிகாப்டர் நெட்டுக்குத்தாகப் போகும் என்று ஜனங்கள் எதிர்பார்ப்பதில்லை. அதனால்தான் அதைச் செய்வோம். தாழ்வாகச் சீறி வந்து, கூட்டத்துக்கு நேர் எதிரே மூக்கை வானத்துக்குத் தூக்க வேண்டும். உடம்பு இருக்கையோடு நசுங்கும். கன்னச்சதை கீழே இழுக்கும். வேகம் செத்துக்கொண்டே வரும். முழுக்கச் செத்துப்போகிற அந்தக் கணத்தில் ஒரு பெடலை ஓங்கி மிதித்தால் வண்டி தன் வாலையே சுற்றிக்கொண்டு தலைகீழாகத் தரையைப் பார்த்து விழும். கண்ணாடி முழுக்க மண். அதிலிருந்து மீட்டு எடுக்க வேண்டும். இன்னொன்று, நேராகப் போகும்போதே சட்டென்று ஒரு பக்கம் சாய்த்து வெட்டி, மறு நொடி எதிர்ப்பக்கம் வெட்டுவது. பார்க்கிறவர்களுக்கு, வண்டி மேலே பட்ட தண்ணீரை உதறுகிற மாதிரி இருக்கும். அந்த வெட்டு என் கைச்சரக்கு. வேறு யாருக்கும் அவ்வளவு கூர்மையாக வராது. அதில் எனக்குத் தலைகால் புரியாத கர்வம்.

ஒரு பயிற்சியில் அந்தக் கர்வம் என்னையும் கூடப் பறந்தவனையும் கொல்லப் பார்த்தது. விழுந்து மீளும்போது தேவைக்கு மேல் இழுத்தேன். அப்படி இழுத்தால் சுழலும் இறக்கைகளின் விசை, ஸ்டிக்குக்கு உதவுகிற இயந்திரத்தையே தோற்கடித்துவிடும். ஸ்டிக் கல்லாகிவிடும். வண்டி தானாக வலது பக்கம் கவிழும். அந்த நேரத்தில் பிடியைத் தளர்த்தி, லீவரை இறக்க வேண்டும். எனக்கு அது மனப்பாடம். ஆனால் கை கேட்கவில்லை. அந்த ஸ்டிக்கை எப்படியும் ஜெயித்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். பக்கத்தில் இருந்த சக விமானி என் இடது மணிக்கட்டில் முஷ்டியால் குத்தி லீவரைக் கீழே தள்ளினான். புல் தரைக்கு இருபதடி மேலே வண்டி நிமிர்ந்தது.

இறங்கி இறக்கைகள் நின்றதும், அவன் என் ஹெல்மெட்டைக் கழற்றினான். கைகொடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். மூக்கிலேயே குத்தினான். நான் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். "நீ வண்டி ஓட்டலடா, சண்டை போடுற" என்றான். நான்கு நாள் கழித்து அதே ஆட்டத்தை மறுபடி செய்தோம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி. மழை பிடித்துக்கொண்டு, காவிரி கரையைத் தாண்டியது. நான் திருச்சிக்காரன், தெருத்தெருவாகத் தெரியும் என்பதால் என்னையும் ஒரு ஹெலிகாப்டரையும் விமான நிலையத்துக்கு அனுப்பினார்கள். என்னோடு ஒரு சார்ஜன்ட் வந்தார். பாலக்காட்டுக்காரர், வயது நாற்பதுக்கு மேல். பின்னால் இடது கதவருகே நின்று ஆட்களை உள்ளே இழுத்துப் போடுவது அவர் வேலை. கூடுதலாக ஒரு ஆளை ஏற்றலாம் என்று சக விமானியை விட்டுவிட்டுப் பறந்தோம்.

முதல் நாள் ஸ்ரீரங்கம். கோபுரங்கள் மட்டும் காய்ந்து நிற்க, தெருக்கள் எல்லாம் பழுப்புத் தண்ணீர். மொட்டை மாடிகளில் உணவுப் பொட்டலம் போட்டோம். ஒரு மாடியில் இரண்டு குடும்பம் பொட்டலத்துக்காகக் கொடிக்கம்பாலும் வாளியாலும் அடித்துக்கொண்டதைப் பார்த்தேன். பஞ்சகச்சம் கட்டிய பெரியவர் ஒருவர் தலையில் ரத்தத்தோடு எங்களைப் பார்த்து, வேண்டாம், போ, போ என்று கையை வீசினார். இன்னொரு இடத்தில் எங்கள் இறக்கைக் காற்றே ஒரு ஓலைக் கூரையைப் பிய்த்துத் தண்ணீரில் எறிந்தது. அதன் கீழே ஆள் இல்லை என்று சார்ஜன்ட் சொன்னார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் காலை தொட்டியம் பக்கம் போகச் சொன்னார்கள். வாழைத்தோப்பெல்லாம் குருத்து மட்டும் தெரிய மூழ்கிக் கிடந்தது. நடுவில் ஒரு மோட்டார் கொட்டகை. அதன் தளத்தில் பதினோரு பேர். சுற்றிலும் தண்ணீர் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. வலது பக்கம் இரண்டு தென்னை. தளம் எங்கள் எடையைத் தாங்காது. அதனால் ஆளுயரத்தில் நிறுத்தி, இடது கதவு வழியாக ஏற்றுவது என்று முடிவு செய்தேன். இறக்கை முனைக்கும் தென்னைக்கும் நடுவே ஒரு மாட்டு வண்டி அகலம்தான் இருந்தது.

"பொம்பளைங்க, கொழந்தைங்க முதல்ல!" என்று சார்ஜன்ட் கத்தியது என் காதுக்குள் கேட்டது. முதலில் ஒரு கர்ப்பிணி, அவளுக்குப் பின்னால் இரண்டு சிறுவர்கள். அப்போது ஒரு மனிதர் கூட்டத்தை நெட்டிக்கொண்டு வந்தார். நல்ல உடம்பு, சட்டை இல்லை, முப்பது வயதிருக்கும். வழியில் இருந்த ஒரு வயதான அம்மாவை முழங்கையால் நெஞ்சில் இடித்துத் தள்ளினார். அந்த அம்மா மல்லாக்க விழுந்து, தளத்தின் விளிம்பில் தலை தொங்கக் கிடந்தார். அந்த ஆளின் கையில் ஆறு வயதுப் பெண் குழந்தை. அதை உள்ளே எறிந்தார் என்றே சொல்ல வேண்டும். பிறகு தானும் கதவைப் பிடித்து ஏறினார்.

"சார், ஒருத்தன் கிழவியத் தள்ளிட்டு ஏறப் பாக்கறான்."

"இறக்கி விடுங்க. லேடீஸ் இன்னும் இருக்காங்க."

சார்ஜன்ட் அவர் தோளில் காலை வைத்துத் தள்ளினார். அவர் தளத்தில் விழுந்து எழுந்தார். இன்னும் ஒரு பெண் ஏறினாள். எடை சரியாகிவிட்டது. அரை மணியில் வருகிறோம் என்று சார்ஜன்ட் கைஜாடை காட்டினார். நான் லீவரை உயர்த்தினேன்.

வண்டி கிளம்பவும், சட்டென்று வலது பக்கம் அமுங்கியது. திரும்பிக் குனிந்து பார்த்தேன். அந்த மனிதர் வண்டியின் வயிற்றுக்குக் கீழே குனிந்து ஓடி வந்து, வலது சக்கரத்தின் தண்டை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு தொங்கினார். தளம் அவருக்குக் கீழே இல்லை. தண்ணீர்தான். வண்டி வலது பக்கமாக, தென்னையை நோக்கி வழுக்கிக்கொண்டிருந்தது. ஸ்டிக்கை இடது கோடிக்கு அழுத்தினேன். போதவில்லை. சார்ஜன்ட் இடது கதவில் இருந்தார், நடுவில் ஆட்கள். அவரால் இந்தப் பக்கம் வர முடியாது.

"சார், மரம்! மரம்!"

மட்டைகள் காற்றில் வளைந்து எங்களை நோக்கி அடித்தன. அந்த மனிதர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். வாய் அசைந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

நான் வெட்டினேன். வலது, உடனே இடது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டுகிற அதே வெட்டு. அவர் கைகள் சக்கரத்திலிருந்து பிய்ந்தன. உடம்பு ஒருமுறை காற்றில் சுழன்று, முதுகு அடிபட விழுந்தது. பழுப்புத் தண்ணீர் மூடிக்கொண்டது. ஒரு கை மட்டும் வாழைக் குருத்துகளுக்கு நடுவில் ஒரு தடவை தெரிந்தது.

உள்ளே அந்தக் குழந்தை அழவில்லை. விமான நிலையம் வரும் வரைக்கும் என் இருக்கையின் பின்கம்பியை விடாமல் எட்டி எட்டி உதைத்துக்கொண்டே வந்தது. அந்த உதை ஒவ்வொன்றும் என் முதுகில் விழுந்தது. அரை மணியில் திரும்பிப் போய் மீதி ஆட்களை ஏற்றினோம். கீழே விழுந்த அம்மாவுக்கு மண்டை உடைந்திருந்தது, உயிர் இருந்தது.

நான்காம் நாள் ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரை முள்ளுப்புதரில் உடல் கிடைத்தது. சார்ஜன்ட்டும் நானும் ஜீப்பில் போனோம். ஊதிப்போன உடலின் பக்கத்தில் ஒரு இளைஞன் உட்கார்ந்து, தன் தலையைத் தானே இரண்டு கையாலும் அறைந்துகொண்டிருந்தான். இறந்தவரின் தம்பி, காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் மண்டியில் வேலை செய்கிறவன் என்று போலீஸ்காரர் சொன்னார். அவனிடம் போக எனக்குத் தைரியம் வரவில்லை. ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தேன்.

படை விசாரித்தது. மரத்தில் இறக்கை பட்டிருந்தால் அத்தனை பேரும் போயிருப்பார்கள், வேறு வழியில்லை என்று எழுதினார்கள். பத்திரிகையில் வெள்ளத்தில் காப்பாற்றியதற்காக என் படம் வந்தது.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அம்மா ஆள் அனுப்பினாள். எட்டு வருஷத்துக்குப் பிறகு பாலக்கரை வீட்டுக்குப் போனேன். அப்பா நரைத்திருந்தார். புருவத்தில் தழும்பு இருந்தது. நடந்ததைக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ செஞ்சது சரிதான்" என்றார். "ஒருத்தனா, ஏழு பேரான்னு பாத்திருக்க. நான் இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்."

பிறந்ததிலிருந்து அவர் என்னைச் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கையிலிருந்த காபி டம்ளரைச் சுவரில் அடித்தேன். காபி இயேசு படத்தின் மேல் வழிந்தது. அப்பா இரண்டு கையையும் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அறுபது வயது மனிதர், நான் அடித்துவிடுவேன் என்று நாற்காலியிலேயே ஒடுங்கினார். அம்மா அடுக்களை வாசலில் நின்று, "வேணாம்டா, வேணாம்டா" என்றாள். நான் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே வந்துவிட்டேன்.

அப்பாவிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருந்தது. விசாரணையிலும் சொல்லவில்லை. மரத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. ஒரு மூச்சு நேரம், அல்லது அதில் பாதி. லீவரை இறக்கி, தொங்கியவரைத் தளத்துப் பக்கமாகக் கொண்டுபோயிருக்க முடியுமா? முடியாது என்று நிபுணர்கள் சொன்னார்கள். அவர்களுக்கு என் கையைத் தெரியாது. அந்த அம்மாவை அவர் தள்ளியதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது. வெட்டும்போது மரத்தை நான் நினைக்கவில்லை.

அடுத்த வருஷம் கோடையில் லீவு எடுத்துக்கொண்டு நேராகக் காந்தி மார்க்கெட்டுக்குப் போனேன். காலை ஒன்பது மணி. லாரியிலிருந்து தார்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தம்பி ஈரச் சாக்கின் மேல் நின்று, வளைந்த கத்தியால் தார்களின் காம்பை வெட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன வேணுங்க? பூவனா, ரஸ்தாளியா?"

"உங்க அண்ணன் விஷயமா வந்தேன். அந்த ஹெலிகாப்டர ஓட்டினது நான்தான்."

அவன் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "சொல்லுங்க" என்றான்.

"அவரா விழலைங்க. நான்தான் உதறினேன். அத உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன்."

"சொல்லிட்டு?"

அவன் என் கழுத்தைக் குறிவைத்துத்தான் வீசினான். நான் இடது கையைத் தூக்கினேன். கத்தி முன்கையில் எலும்பு வரைக்கும் இறங்கியது. இரண்டாவது வீச்சு தோளில். கீழே விழுந்தேன். அவன் என் மேல் உட்கார்ந்து, கத்தியை எறிந்துவிட்டு வெறும் கையால் குத்த ஆரம்பித்தான். "எங்கண்ணன், எங்கண்ணன்" என்று குத்துக்கு ஒரு தடவை சொன்னான். சுமைகாரர்கள் அவனை இழுத்துப் போட்டு மிதித்தார்கள். ஒருவர் இரும்புக் கொக்கியை ஓங்கிவிட்டார். நான் தவழ்ந்துபோய் அவன் மேல் விழுந்து, "விடுங்க, விடுங்க, அவன விடுங்க" என்று கத்தினேன். அந்தக் கொக்கி என் முதுகைக் கிழித்துக்கொண்டு போனது.

போலீஸில் புகார் எழுதச் சொன்னார்கள். தார் இறக்கும்போது தவறிக் கத்திமேல் விழுந்துவிட்டதாக எழுதிக்கொடுத்தேன். அவர்கள் நம்பவில்லை, ஆனாலும் வாங்கிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் பகலில் ஒரு பெண் வந்து கட்டிலுக்கு அருகே நின்றாள். இடுப்பில் ஆறு மாதக் கைக்குழந்தை. இறந்தவரின் மனைவி. வெள்ளத்தின்போது பிரசவத்துக்காகத் தாய்வீட்டில் இருந்தவள்.

"கொழுந்தன் மேல கேஸ் இல்லேன்னு சொன்னாங்க."

"இல்லைங்க."

"ஒண்ணு கேக்கணும். ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அவரு கை நழுவித்தான் விழுந்தாரா?"

"இல்லைங்க. நான்தான் உதறினேன்."

"வேற வழி இல்லேன்னு உங்க ஆபீசர் சொன்னாராமே."

"அவரு சொன்னாரு. எனக்குத் தெரியல. நான் கோவத்துல இருந்தேன்."

"அவரு மேல உங்களுக்கு என்ன கோவம்? முன்ன பின்ன பாத்ததுகூட இல்லையே."

"ஒரு வயசான அம்மாவ நெஞ்சுலயே இடிச்சுத் தள்ளினாரு. அதப் பாத்தேன்."

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "அது அவங்க அம்மா. என் மாமியாரு" என்றாள். "புள்ளைய அந்த மெசின்ல ஏத்தினா செத்துரும்னு பயந்து, குடுக்க மாட்டேன்னு கெட்டியாப் பிடிச்சிருக்காங்க. புடுங்கித்தான் ஏத்தியிருக்காரு. அவங்களே சொல்லிச் சொல்லி அழுவுறாங்க. புள்ள தனியாப் போவுதேன்னு கூடத் தொத்தியிருக்காரு."

என் கைக்கட்டைப் பிடிக்க எட்டிய குழந்தையை அவள் பின்னுக்கு இழுத்தாள்.

"விழறப்போ உங்களப் பாத்தாரா?"

"பாத்தாரு. ஏதோ சொன்னாரு. சத்தத்துல கேக்கல."

"நீங்க எங்க ஊருப் பக்கம் வராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னபடியே இருந்தேன். தொட்டியம் பஸ்ஸில் இன்றுவரை ஏறியதில்லை.

இடது கையில் இரண்டு விரல் மடங்காமல் போயிற்று. ஒரு வருஷம் கழித்து மறுபடி பறக்க அனுமதித்தார்கள், சாமான் ஏற்றிப் போவதற்கு மட்டும். சாகசக் குழு என்னை விலக்கிவிட்டது. நானாக விட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். விரல்கள் சரியாக இருந்திருந்தால் திரும்பிப் போயிருப்பேன். அந்த ஆசை எனக்குள் ஒரு நாளும் குறையவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், கடல்மேல் தனியாக வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். மதிய வெயில், சுற்றிலும் யாரும் இல்லை. மூக்கை வானத்துக்குத் தூக்கினேன். வேகம் செத்து, பெடலை மிதித்து, கண்ணாடி முழுக்கக் கடல் வந்தது. மீட்டேன். தொண்டையிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது, சந்தோஷக் கூச்சல். வண்டியைச் சாய்த்தேன். வலது, உடனே இடது. கை அதுவாகவே வெட்டியது, பழைய கூர்மை அப்படியே இருந்தது. அதை வெட்டிய மறு நொடி, வலது பக்கம் திரும்பிக் கீழே குனிந்து பார்த்தேன். சக்கரத்தில் யாரும் இல்லை. கரை வரும் வரைக்கும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே வந்தேன். இறக்கிவிட்டு, விலகல் கடிதத்தை அன்று மாலையே கொடுத்தேன்.